நாளைக்கு மழை பெய்யப் போகுதா? ஸ்பானிஷில் வானிலை கேட்கப் பழகுவோம்

கடந்த ஓகஸ்டில் ஒரு பின்னேரம், திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் மச்சான் நடத்தும் சின்னத் தங்குமிடத்தின் வாசலில் உட்கார்ந்திருந்தோம். ஸ்பெயினிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு பெண் படியிறங்கி வந்து, "கே தியெம்போ பா ஆ ஆஸேர் மஞானா?" என்று கேட்டார். மச்சானுக்கு அதில் ஒரு சொல் பிடிபட்டது. 'தியெம்போ' என்றால் டைம்தானே! உடனே கையைத் திருப்பி மணிக்கூட்டைக் காட்டினான். ஆறே கால். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வானத்தைக் காட்டினார், பிறகு கடலைக் காட்டினார், கையை அலை மாதிரி ஆட்டினார். அடுத்த நாள் காலையில் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போட்டில் போக இருந்தார்கள். அவர் கேட்டது நாளைய வானிலையை.

நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஆறு மாதமாகப் போனில் ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்த ஆள். ஆனால் வாய் திறக்கவில்லை. எதிர்கால வினைகளின் அட்டவணையை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். அது ஓடி முடிவதற்குள் கேள்வி, சிரிப்பு, சைகை எல்லாம் முடிந்துவிட்டது.

பிறகு ஆற அமர யோசித்தபோதுதான் விளங்கியது. நாங்கள் ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகப் படிக்கிறோம். செயலிகள், காணொளிகள், புத்தகங்கள் எல்லாம் அப்படித்தான் கிடைக்கின்றன. அதனால் ஆங்கிலம் பேசுகிறவருக்கு வருகிற தலையிடிகளையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறோம். வானிலையைக் கேட்கும் இந்த ஒரு விஷயத்தில் அந்தச் சுற்றுப்பாதை தேவையே இல்லை. தமிழிலிருந்து நேரே போனால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

ஸ்பானிஷ் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். ஒலி பற்றிச் சில எச்சரிக்கைகள் பின்னால் வரும்.

தியெம்போவும் கச்சானும்

முதலில் மச்சானின் மணிக்கூட்டுப் பிரச்சினை. 'தியெம்போ' என்ற ஒரே சொல்லுக்கு நேரம் என்றும் பொருள், வானிலை என்றும் பொருள். கேட்கும்போது இது பெரிய குழப்பம் போலத் தோன்றும். ஆனால் எங்கள் ஊரில் கச்சான் என்றால் என்ன? கடற்கரையில் கடதாசிச் சுருளில் வாங்கிக் கொறிப்பதும் கச்சான். மே மாதத்துக்குப் பிறகு மேற்குப் பக்கத்திலிருந்து வந்து முகத்தைச் சுடும் காற்றும் கச்சான். "இண்டைக்குக் கச்சான் சரியான பிலம்" என்று ஒரு மீனவர் சொன்னால் யாரும் கடலையைத் தேடுவதில்லை. பக்கத்தில் நிற்கும் சொல் பொருளைத் தீர்த்துவிடுகிறது.

ஸ்பானிஷிலும் அப்படியே. 'தியெம்போ'வுக்குப் பக்கத்தில் 'ஆஸேர்' என்ற வினையோ அதன் வேறு வடிவமோ நின்றால், பெரும்பாலும் பேச்சு வானிலை பற்றியது. மணி கேட்கும்போது 'தியெம்போ' வரவே வராது. அதற்கு "கே ஓரா எஸ்?" என்று வேறு கேள்வி இருக்கிறது. 'ஓரா' என்றால் மணி. ஆங்கிலத்திலிருந்து பெயர்த்து "கே தியெம்போ எஸ்?" என்று மணி கேட்கிறவர்கள் நிறையப் பேர். கேட்கப்படுகிறவர் ஒரு கணம் முழிப்பார்.

இன்னொரு சொல்லும் உண்டு: 'க்ளிமா'. அகராதியில் இதன் பொருள் காலநிலை, அதாவது ஓர் இடத்தின் பல ஆண்டுப் போக்கு. வானிலை என்பது இன்று, நாளை நடப்பது. ஆனால் மெக்சிக்கோ முதலான லத்தீன் அமெரிக்க நாடுகளில் அன்றாடப் பேச்சில் வானிலைக்கே 'க்ளிமா' என்கிறார்கள். "கோமோ பா ஆ எஸ்தார் எல் க்ளிமா மஞானா?" என்பது அங்கே மிகச் சாதாரணமான கேள்வி. இதைத் தவறு என்று முகம் சுளிப்பவர்கள் எங்கள் பத்திரிகைகளை ஒருமுறை பார்க்கட்டும். நாலு நாள் மழை பெய்தால் "சீரற்ற காலநிலை" என்று தலைப்புப் போடுவது நாங்கள்தானே.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: ஸ்பெயின்காரரிடம் 'தியெம்போ', லத்தீன் அமெரிக்கரிடம் 'க்ளிமா'. மாற்றிச் சொன்னாலும் இரண்டு பேருக்கும் விளங்கும்.

"பெய்யப் போகுது" என்பதன் ஸ்பானிஷ் உருவம்

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். வரப்போகும் வானிலையைக் கேட்க எதிர்கால அட்டவணை முழுவதும் தெரிந்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்து வாயடைத்து நின்றேன். ஆனால் அந்தப் பெண் கேட்ட கேள்வியில் எதிர்கால வடிவமே இல்லை. அதில் இருந்தது 'போதல்' என்ற வினையின் நிகழ்காலம்.

"மழை பெய்யப் போகுது" என்கிறோம். மழை எங்கே போகிறது? எங்கும் போகவில்லை. 'பெய்ய' என்ற செயவெனெச்சத்தோடு 'போகுது' சேர்ந்தால் "இனி நடக்கும்" என்ற பொருள் வந்துவிடுகிறது. செயவெனெச்சம் என்பது பெய்ய, வர, அடிக்க என்பது போல இன்னொரு வினைக்காகக் காத்து நிற்கும் வடிவம். ஸ்பானிஷிலும் இதே வேலையைச் செய்யும் வடிவம் உண்டு. 'ஆர்', 'ஏர்', 'ஈர்' என்ற ஒலிகளில் ஒன்றில் முடியும். அகராதியில் வினையைத் தேடினால் கிடைப்பது இதுதான்: 'யோபேர்' என்றால் பெய்ய, 'ஆஸேர்' என்றால் செய்ய, 'எஸ்தார்' என்றால் இருக்க.

போகிறது என்பதற்கு 'பா'. இரண்டுக்கும் நடுவில் பாலமாக 'ஆ' என்று ஒரு சின்னச் சொல். அது எங்கள் 'க்கு' மாதிரி. ஊருக்குப் போகிறேன் என்று சொல்லும்போதும் இதே 'ஆ'தான் வரும். மூன்றையும் கோர்த்தால்:

பா ஆ யோபேர். பெய்யப் போகுது.

வரிசை மட்டும் தலைகீழ். நாங்கள் 'பெய்ய' முதலில், 'போகுது' பிறகு. அவர்கள் 'போகுது' முதலில். வேறு வித்தியாசம் இல்லை. நாளை என்பதற்கு 'மஞானா' சேர்த்தால் "பா ஆ யோபேர் மஞானா". மறுக்க வேண்டுமா? முன்னால் 'நோ' வையுங்கள்: "நோ பா ஆ யோபேர்". பெய்யப் போறதில்லை.

(நான் போகிறேன் என்பதற்கு ஸ்பானிஷில் 'போய்'. தற்செயல்தான், உறவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் முதல்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.)

கேள்வியாக்குவதுதான் கொஞ்சம் கவனிக்க வேண்டிய இடம். தமிழில் கடைசியில் ஓர் 'ஆ' போட்டால் கேள்வி: போகுதா? ஸ்பானிஷில் அப்படி ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை. சொற்களும் மாறாது, வரிசையும் மாறாது. குரல் கடைசியில் மேலே ஏற வேண்டும், அவ்வளவுதான். எழுத்தில் குரல் கேட்காதே? அதனால்தான் அவர்கள் கேள்வியின் தொடக்கத்திலேயே தலைகீழான கேள்விக்குறி ஒன்றைப் போடுகிறார்கள். ஸ்பானிய அரச கழகம் 1754இல் வெளியிட்ட எழுத்து முறை விதிகளில் வந்த வழக்கம் இது. நீளமான வாக்கியத்தை வாசிப்பவருக்கு, இது கேள்வி, குரலை அதற்கேற்பக் கொண்டுபோ என்று முன்கூட்டியே சொல்லும் கைகாட்டி.

பெய்வது யார்?

ஆங்கிலத்தில் மழை பெய்கிறது என்று சொல்ல, ஒன்றையும் குறிக்காத 'இட்' என்ற சொல்லை முன்னால் நிறுத்த வேண்டும். ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் அந்த 'இட்'டுக்கு ஸ்பானிஷில் சொல் தேடி அலைவார்கள். அப்படி ஒன்று கிடையாது. எழுவாய், அதாவது வினையைச் செய்பவர் யார் என்று காட்டும் சொல், இந்த வாக்கியங்களில் இல்லை. 'யுவேபே' என்ற ஒற்றைச் சொல்லே மழை பெய்கிறது என்ற முழு வாக்கியம்.

தமிழருக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இருக்கக் கூடாது. "குளிருது" என்கிறோம். "இருட்டுது" என்கிறோம். எது குளிருது, யார் இருட்டுவது என்று யாரும் கேட்பதில்லை.

இதில் இன்னொரு நிம்மதியும் உண்டு. எழுவாய் இல்லாததால் நீ, நீங்கள் என்ற கவலையும் இல்லை. எதிரில் நிற்பவர் பதினெட்டு வயதுப் பையனோ எழுபது வயது அம்மாவோ, "பா ஆ யோபேர்?" மாறாது. "உங்களுக்குத் தெரியுமா" என்று பணிவாகத் தொடங்க விரும்பினால்தான் வித்தியாசம் வரும்: மரியாதைக்கு 'ஸாபே', நெருக்கமானவரிடம் 'ஸாபெஸ்'. "ஸாபே கே தியெம்போ பா ஆ ஆஸேர் மஞானா?" என்று கேட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

வானிலையைச் 'செய்கிற' மொழி

'ஆஸேர்' என்றால் செய்ய என்று சொன்னேன். ஆக, அந்தப் பெண் கேட்டதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் "என்ன வானிலை செய்யப் போகுது நாளைக்கு?" விசித்திரமாக இருக்கிறதா? வெயில் 'அடிக்குது' என்கிறோமே, வெயிலுக்குக் கை உண்டா? தமிழில் வெயில் அடிக்கும், காற்று வீசும், மழை பெய்யும்; ஒவ்வொன்றுக்கும் தனி வினை. ஸ்பானிஷ் இந்த விஷயத்தில் சிக்கனம். பெரும்பகுதியை நாலு வழியில் முடித்துவிடுகிறது.

வெக்கை (கலோர்), குளிர் (ஃப்ரீயோ), வெயில் (ஸோல்), காற்று (பியென்தோ) இவையெல்லாம் 'செய்யப்படுபவை': "பா ஆ ஆஸேர் கலோர்?" என்றால் வெக்கையாக இருக்கப் போகுதா. நல்ல வானிலை, கெட்ட வானிலை என்பதும் இதோடுதான்: "பா ஆ ஆஸேர் புவென் தியெம்போ?"

வானமோ கடலோ ஒரு நிலையில் இருக்கப் போகிறது என்றால் 'எஸ்தார்'. "பா ஆ எஸ்தார் நுப்லாதோ" என்றால் மேகமூட்டமாக இருக்கப் போகுது. எங்கள் ஊருக்கு மிகவும் உபயோகமான வாக்கியம் இந்தக் கூட்டத்தில்தான் வருகிறது: "கோமோ பா ஆ எஸ்தார் எல் மார்?" கடல் எப்படி இருக்கப் போகுது? அமைதி என்றால் 'த்ரான்கீலோ'. கொந்தளிப்பு என்றால் 'பிக்காதோ'. கொத்தியது, நறுக்கியது என்றும் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. கச்சான் அடிக்கும்போது கடலின் மேற்பரப்பு எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் பொருத்தமாகவே தெரியும்.

புயல், பனிமூட்டம், அலை போன்றவை இருக்குமா இல்லையா என்று கேட்க 'ஆபேர்': "பா ஆ ஆபேர் தொர்மென்தா?" 'தொர்மென்தா' என்பது இடி மின்னலோடு வரும் மழைக்கும் புயலுக்கும் பொதுவான சொல். அதைக் கேட்டவுடன் சூறாவளி என்று பயப்பட வேண்டாம்.

நாலாவது வழி ஏற்கெனவே பார்த்தது. மழைக்குச் சொந்த வினை உண்டு, யோபேர். பனி கொட்டுவதற்கும் உண்டு, 'நெபார்'. இரண்டாவது திருகோணமலையில் தேவைப்படாது.

இங்கே ஓர் அபாயம் இருக்கிறது. வெக்கை வெளியில் இருந்தால் "ஆஸே கலோர்". உங்களுக்கு வெக்கையாக இருந்தால் "தெங்கோ கலோர்", அதாவது "எனக்கு வெக்கை இருக்கு". இதையும் நாங்கள் கிட்டத்தட்ட அப்படியேதான் சொல்கிறோம். ஆனால் ஆங்கிலத்தை வைத்துப் பெயர்த்து "எஸ்தோய் கலியென்தே" என்று சொல்லிவிடாதீர்கள். அதற்கு வேறொரு பொருள் உண்டு. தங்க வந்த விருந்தாளியிடம் சொல்லக் கூடியது அல்ல.

'மிக' என்று சேர்க்கும்போது 'முய்' அல்ல, 'மூச்சோ' என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கலோர் பெயர்ச்சொல். அதனால் "ஆஸே மூச்சோ கலோர்".

சுருக்கமாக: முன்னால் 'பா ஆ' வைத்துவிட்டால் எதிர்காலம் முடிந்தது. பின்னால் ஆஸேர், எஸ்தார், ஆபேர், யோபேர் இவற்றில் எது என்பதை மட்டும் தெரிவு செய்தால் போதும்.

அப்படியானால் அந்த அட்டவணை எதற்கு?

'போகுது' இல்லாத எதிர்காலமும் ஸ்பானிஷில் உண்டு. யோபேர் 'யோபெரா' ஆகும், ஆஸேர் 'அரா' ஆகும். "கே தியெம்போ அரா மஞானா?" என்றும் கேட்கலாம், பிழை இல்லை. வானிலை அறிவிப்புகளிலும் பத்திரிகைகளிலும் இந்த வடிவம் நிறைய வரும். வாய்ப்பேச்சில், அதுவும் லத்தீன் அமெரிக்காவில், 'பா ஆ' தான் ஆட்சி செய்கிறது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதற்கு ஆங்கில விளக்கங்கள் பக்கம் பக்கமாகப் போகின்றன. தமிழ்க் காதுக்கு இரண்டு வரி போதும். பா ஆ யோபேர் என்பது "பெய்யப் போகுது". யோபெரா என்பது "பெய்யும்". மேகத்தைப் பார்த்துவிட்டு உறுதியாகச் சொன்னால் முதலாவது. கொஞ்சம் தள்ளி நின்று சொன்னால் இரண்டாவது.

பொருத்தம் இதோடு நிற்கவில்லை. "அவன் இப்ப வீட்டில இருப்பான்" என்கிறோம். 'இருப்பான்' எதிர்காலம், ஆனால் பேச்சு இப்போது பற்றியது. கண்ணால் காணாத ஒன்றை ஊகித்துச் சொல்லும்போது தமிழில் எதிர்கால வடிவம் வருகிறது. ஸ்பானிஷும் அதையேதான் செய்கிறது. "எஸ்தாரா யோபியெந்தோ என் கொலொம்போ" என்றால் "கொழும்பில் இப்ப மழை பெய்துகொண்டிருக்கும்". வருங்காலக் கொழும்பு அல்ல, இந்த நிமிடக் கொழும்பு. ஆங்கிலம் வழியாகப் படித்தபோது இந்த வாக்கியம் எனக்கு ஒரு கிழமைக்குத் தலைவலி கொடுத்தது. தமிழில் நினைத்தவுடன் தலைவலி போய்விட்டது.

கேள்வியாக வரும் "யோபெரா?" என்பதற்கு நான் தமிழில் காண்பது 'பெய்யுமா' அல்ல, 'பெய்யுமோ'. எதிரில் இருப்பவரிடம் பதில் எதிர்பார்த்தும் கேட்கலாம், கொடியில் காயும் துணியைப் பார்த்துத் தனக்குள்ளேயும் சொல்லிக்கொள்ளலாம்.

எப்போது?

இன்று 'ஓய்'. நாளை 'மஞானா'. நாளை மறுநாள் 'பஸாதோ மஞானா', அதாவது நாளை கடந்தது. இன்று பின்னேரம் 'எஸ்தா தார்தே'. வார இறுதி 'எஸ்தே ஃபின் தே ஸெமானா'. அடுத்த வாரத்துக்கு 'லா ஸெமானா கே பியேனே'. சொல்லுக்குச் சொல் "வாற கிழமை". இதைப் படிக்கவே தேவையில்லை.

ஒரு பொறி: 'மஞானா' என்பது நாளை மட்டுமல்ல, காலையும்தான். நாளை காலை என்றால் "மஞானா போர் லா மஞானா". போட் புறப்படும் நேரத்தைப் பற்றிக் கதைக்கும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

நாக்குக்குச் சில எச்சரிக்கைகள்

'பா' என்று எழுதியிருப்பதை 'பால்' போலச் சொல்லக் கூடாது. 'பஸ்' என்று சொல்லும்போது வருகிற ப. யோபேர் என்பதில் நடுவில் வருவதோ 'கோபம்' என்பதில் உள்ள மென்மையான ப.

தியெம்போ இதற்கு எதிர்ப்பக்கம். எங்கள் நாக்கு அதைக் 'கம்பு' போல மெதுவாக்கிவிடும். 'தியெம்' என்று நிறுத்தி, 'பால்' என்பதில் உள்ள ப-வோடு 'போ' சொல்லிப் பழகுங்கள். பியென்தோவின் கடைசியில் வரும் 'தோ'வும் இப்படியே; 'பந்து' என்பதில் உள்ள 'து' போல மெதுவாக்கக் கூடாது.

'பா ஆ ஆஸேர்' என்பதில் மூன்று 'ஆ' அடுத்தடுத்து வருகிறது. வேகமாகப் பேசுகிறவர் வாயில் அது ஒன்றாகி, 'பாஸேர்' என்றுதான் காதில் விழும். புதிய சொல் என்று நினைத்து அகராதி புரட்ட வேண்டாம். ஸ்பெயினின் பெரும்பகுதியில் 'ஸே' என்பதை நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் வைத்து ஊதிச் சொல்வார்கள். ஆர்ஜென்டீனாவின் தலைநகர்ப் பக்கத்தில் யோபேர் 'ஷோபேர்' ஆகும்.

'ஞ' மட்டும் எங்களுக்கு இலவசம். ஸ்பானிஷ்காரர்கள் ன ஒலிக்குரிய எழுத்தின் மேல் ஒரு நெளிகோடு போட்டு எழுதும் ஒலி அது. செய்திகளில் 'எல் நினோ' என்று அடிபடுகிறதே, அதுவும் ஸ்பானிஷ்தான், சரியாகச் சொன்னால் 'எல் நிஞோ'. குழந்தை என்று பொருள். நத்தார் காலத்தை ஒட்டிக் கடல் சூடாவதைப் பார்த்த பெரு நாட்டு மீனவர்கள் பாலன் இயேசுவை நினைத்து வைத்த பெயர். 'ஞ' வைத்திருக்கும் நாங்கள் ஏன் 'ன' போட்டு எழுதுகிறோம் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பதில் வந்தால் விளங்க வேண்டுமே

கேள்வியை மனப்பாடம் செய்துவிடலாம். பதில் நம் கையில் இல்லை. வானிலையைப் பற்றி யாரும் நேராக ஆம், இல்லை என்று சொல்வதில்லை. மூன்று முன்னொட்டுகளில் ஒன்று பெரும்பாலும் வரும்.

"தீஸென் கே பா ஆ யோபேர்." 'தீஸென் கே' என்றால் சொல்கிறார்கள். யார் சொல்கிறார்கள் என்பது முக்கியமில்லை. தமிழில் இதற்கு ஓர் 'ஆம்' போதும்: பெய்யப் போகுதாம்.

"பரேஸே கே பா ஆ யோபேர்." பெய்யப் போகுது போல. மேகத்தைப் பார்த்துச் சொல்வது.

மூன்றாவது 'ஓஹலா'. இது தகவல் அல்ல, ஆசை. அப்படி நடக்கட்டும் என்ற ஏக்கம். ஸ்பெயினின் பெரும்பகுதி பல நூற்றாண்டுகள் அரபு ஆட்சியில் இருந்த காலத்தின் மிச்சம் இந்தச் சொல். இறைவன் நாடினால் என்ற அரபுத் தொடரிலிருந்து வந்தது. கிண்ணியாவிலோ மூதூரிலோ நாளைக்குக் கடலுக்குப் போறீங்களா என்று கேட்டால் வருகிற "இன்ஷா அல்லாஹ்" இதற்குத் தூரத்துச் சொந்தம். 'ஓஹலா'வுக்குப் பின்னால் முழு வாக்கியம் வந்தால் வினை வேறு வடிவம் எடுக்கும், அது இப்போது வேண்டாம். "ஓஹலா கே ஸி", அப்படியே ஆகட்டும். "ஓஹலா கே நோ", அப்படி ஆகக் கூடாது. இந்த இரண்டும் போதும்.

மச்சான் இப்போது இவ்வளவையும் ஓரளவுக்குச் சமாளிக்கிறான். போன மாதம் வந்த இருவர் கேட்டபோது பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"ஸாபே கே தியெம்போ பா ஆ ஆஸேர் மஞானா?"

"பா ஆ ஆஸேர் ஸோல். போர் லா மஞானா, எல் மார் பா ஆ எஸ்தார் த்ரான்கீலோ. போர் லா தார்தே, பிக்காதோ."

வெயில் அடிக்கப் போகுது; காலையில் கடல் அமைதி, பின்னேரம் கொந்தளிப்பு.

"ஓஹலா கே நோ!" என்றார் அவர்களில் ஒருவர்.

சாவி மாட்டும் பலகைக்குப் பக்கத்தில் ஓர் அட்டையும் தொங்கவிட்டிருக்கிறான். ஒரு பக்கம் "நோ பா ஆ யோபேர்", மறுபக்கம் "பா ஆ யோபேர்". கோடை தொடங்கியதிலிருந்து ஒரே பக்கத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. திருப்பிப் போட ஐப்பசி வர வேண்டும்.